48,000 ரூபாயும் போச்சு, 90 நாளும் போச்சு: ‘அப்பார்ட்மென்ட் மேல கேஸ் போட்டுத் தர்றோம்’ ஆன்லைன் ஆட்களிடம் ஜாக்கிரதை

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே நிலையில் இருக்கும் தெருக்காரர்கள் என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மேடவாக்கம் பக்கம், 24 தனி வீடுகள் இருக்கிற சின்னத் தெரு எங்களுடையது. அகலம் 20 அடி. தெரு முடிகிற காலி நிலத்தில்தான் எங்கள் மழைத்தண்ணீர் இத்தனை வருஷமாக வடிந்தது. அங்கே இப்போது 14 மாடியில் 900 வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். 20,000 சதுர மீட்டரைத் தாண்டிய கட்டடம் என்பதால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். இந்த வகைக் கட்டடத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாதாம். அந்த அனுமதி பற்றிப் பேப்பரில் வந்த நான்கு விரல் விளம்பரத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும்.

அஸ்திவாரத் தூண் இறக்குகிற பைலிங் மெஷின் வந்த மூன்றாம் நாள் எங்கள் சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் விட்டது. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அடுத்த வாரம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போயிருந்தது. இன்றைக்கு அந்தச் சுவரில் பால் கணக்கு மாதிரி ஏழு தேதி இருக்கிறது. 2014-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடி விழுந்து 61 பேர் செத்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். பயப்படாதே என்றால் எப்படி?

விளம்பரம் பார்த்ததுமே போனில் தேடினேன். ஒரு ஆன்லைன் சட்ட உதவி ஆப் வந்தது. பெயர் போடவில்லை, போட்டால் என் மேலேயே நோட்டீஸ் விடுவார்கள். வீடியோ காலில் கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டை, பின்னால் அடுக்கடுக்காகச் சட்டப் புத்தகம். “அங்கிள், 30 நாளுக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துல அப்பீல் போடணும். நீங்க கவலைய விடுங்க, இது எங்க தெருன்னு நெனச்சுப் பண்றோம்” என்றான் அந்தப் பையன். விழுந்துவிட்டேன். அந்த ‘அங்கிள்’தான் என்னைக் கவிழ்த்தது.

கன்சல்டேஷன் 8,000, டிராஃப்டிங் 25,000, கோர்ட் ஃபீஸ் 15,000. மொத்தம் 48,000. வீட்டுக்கு 2,000 என்று வசூல் பண்ணியது நான். கடைசி வீட்டுப் பாட்டி, பென்ஷனில் இருப்பவர், ரப்பர் பேண்ட் போட்ட பத்து இருநூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்து, “நீ பாத்துக்கோப்பா” என்றார். அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை.

பணம் அனுப்பிய மறுநாளே ‘ஃபைலிங் நம்பர்’ என்று ஒரு பிடிஎஃப் வந்தது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாகப் போட்டேன், எல்லாரும் கைகூப்பி எமோஜி போட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அங்கிள் இல்லை, சார். “ஸ்க்ரூட்டினில இருக்கு சார்.” “பெஞ்ச் உட்காரல சார்.” “வக்கீல் கோர்ட்ல இருக்கார் சார், ஈவினிங் கூப்பிடுவார்.” எந்த ஈவினிங் என்று சொல்லவில்லை. ஒருநாள் வேறொரு பெண் எடுத்து, பழைய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், கேஸ் விவரத்தை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நான்கு தடவை, நான்கு பேரிடம்.

போன செவ்வாய்க்கிழமை நானே சேப்பாக்கம் கலச மகாலுக்குப் போய்த் தீர்ப்பாய அலுவலகத்தில் பிடிஎஃப்பைக் காட்டினேன். “இது எங்க நம்பரே இல்லைங்களே” என்றார்கள். அது அந்த ஆப்காரர்களின் சொந்த டிக்கெட் நம்பர்! மனுவே போடவில்லை. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் வெறும் 1,000 ரூபாய் என்பதும் அங்கேதான் தெரிந்தது. எங்களிடம் வாங்கியது 15,000.

அனுமதியை எதிர்த்து அப்பீல் போட 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் எடுக்க முடியாது. நான் போனது 93-வது நாள். 48,000-ஐ விட இதுதான் வயிறு எரிகிறது.

ரீஃபண்ட் கேட்டேன். “சர்வீஸ் டெலிவர் ஆயிடுச்சு சார், டிராஃப்ட் அனுப்பியிருக்கோமே” என்கிறார்கள். அனுப்பிய டிராஃப்டில் வேறு ஏதோ ஊர் கல்குவாரி பற்றி இருக்கிறது. இதற்குத்தான் 48,000.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை. சுருக்கமாக: யார் நம்பர் கொடுத்தாலும் தீர்ப்பாய இணையதளத்தில் அன்றைக்கே போட்டுப் பாருங்கள். அனுமதிக் கடிதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். வக்கீலை நேரில் பார்த்து வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். விரிசலைத் தேதியோடு போட்டோ எடுங்கள். நிலத்தடி நீர் மாதிரி சுற்றுச்சூழல் பிரச்சினைக்குத் தனி மனு போட ஆறு மாதம் உண்டாம், அதையும் விட்டுவிடாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், நான் தாமதமாகத்தான் கூப்பிட்டேன்.

பாட்டிக்கு 2,000-ஐ நானே கொடுத்துவிட்டேன். என் வீடு போக மீதி 22 வீடு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருக் கூட்டம், கணக்கு நோட்டோடு போகிறேன்.