வீட்டில் தைக்கும் பாராசூட் தொகுப்பு: துணியில் குறையில்லை, கையேடுதான் ஆபத்து

வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் பாராசூட் தொகுப்பு ஒன்றை இணையத்தில் வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். வெட்டிய நைலான் துணித் துண்டுகள், நைலான் கயிறுகள், ஓர் இடுப்புப் பட்டை, கையேடு ஆகியவை அதில் உள்ளன. துணி மெல்லியதாயினும் எளிதில் கிழியாத நெசவு; துண்டுகளும் பிசிறின்றி வெட்டப்பட்டிருப்பதால், தையல் பழகியவருக்கு வேலை சிரமமாக இராது. ஆனால் 80 கிலோ எடையுள்ளவர் மூன்று மாடி உயரத்திலிருந்து இதைக் கட்டிக்கொண்டு குதிக்கலாம் என்றும், உயரம் குறைவு என்பதால் அச்சமே வேண்டாம் என்றும் கையேடு சொல்கிறது. இரண்டுமே தவறு, இரண்டாவது உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

தைத்து முடித்த குடையின் விட்டம் 3 மீட்டர், பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். எதுவுமின்றி 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். இந்தக் குடை முதல் கணத்திலிருந்தே முழுதாக விரிந்திருப்பதாக வைத்துக்கொண்டாலும், 80 கிலோ மனிதரின் வேகம் நொடிக்கு 11 மீட்டருக்குக் கீழே இறங்காது. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர். அவர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டுமானால் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டமுள்ள குடை தேவை.

அதுவும் விரிந்தால்தான். குடை விரியக் காற்று நிறைய வேண்டும், காற்று நிறைய வேகம் வேண்டும், வேகம் வர உயரம் வேண்டும். 10 மீட்டர் வீழ்ச்சியோ ஒன்றரை நொடிகூட நீடிப்பதில்லை. விமானத்திலிருந்து குதிப்பவர்கள் பல நூறு மீட்டர் உயரத்திலேயே குடையை விரித்துவிடுவதும், பழுதானால் விரிக்க இரண்டாவது குடை ஒன்றை உடன் வைத்திருப்பதும் இதனால்தான். கீழே எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மணல் மூட்டை ஒன்றைக் கட்டி மாடியிலிருந்து தள்ளினேன். துணி முறுக்கிய வேட்டிபோல் பின்னாலேயே வந்தது. மூட்டை வெடித்துச் சிதறிய பிறகுதான் அது தரையில் விரிந்தது.

1912 பிப்ரவரி 4 அன்று, தையற்காரரான பிரான்ஸ் ரைஷெல்ட், தாமே தைத்த பாராசூட் உடையுடன் ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்தார். உயரம் சுமார் 57 மீட்டர். துணி விரியாமல் உடலைச் சுற்றிக்கொள்ள, அவர் உயிரிழந்தார். கையேடு சொல்லும் உயரம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

மற்றக் குறைகள் இதற்குப் பிறகே. குடையின் உச்சியில் காற்றுத் துளை இல்லை. 1797இல் ஆந்த்ரே-ஜாக் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கியபோது, துளையில்லாத அவருடைய குடை பயங்கரமாக ஊசலாடியது. கயிறுகள் ஒற்றைத் தையலில் நிற்கின்றன. குடை சட்டென விரிகையில் வரும் இழுப்பைத் தோள், மார்பு, தொடை எங்கும் பகிர்ந்தளிக்கும் பட்டைகள் தேவை. இங்கே இருப்பதோ இடுப்புப் பட்டை ஒன்றுதான், அது அந்த விசை முழுவதையும் முதுகெலும்பின் மீதே இறக்கும்.

சிறு எடைகளைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பள்ளிச் சோதனைகளுக்கு இந்தத் துணி போதும். அதற்காக வாங்குவோர் இடுப்புப் பட்டையையும் கையேட்டையும் பிள்ளைகள் கையில் கிடைக்காதபடி முதலில் அப்புறப்படுத்த வேண்டும். மனிதர் குதிப்பதற்கான பொருளாக இதற்கு ஒரு நட்சத்திரமும் தர இயலாது.