ஓராண்டாக என் கேமராப் பையில் இருக்கும் ஒரு கிரே கார்டு

என் மனைவி நீர்வண்ண ஓவியங்கள் வரைகிறார். அவற்றைப் படமெடுத்து, வாங்க நினைப்பவர்களுக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஒருமுறை மழைக்கு முந்தைய வானம் ஒன்றை வரைந்திருந்தார். அந்த மேகச் சாம்பலில் நீலம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாத அளவுக்குத்தான் நீலம் கலந்திருந்தார். வீட்டு விளக்கில் நான் எடுத்த படத்தில் அந்த மேகம் பழுப்பாகிவிட்டது. படத்தை நம்பி வாங்கியவர், ஓவியம் கைக்கு வந்ததும் "இது வேற ஓவியமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த வாரமே, வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவுக்குக் காட்டிக்கொடுக்கும் இந்த கிரே கார்டை (சாம்பல் அட்டை) வாங்கினேன்.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய மூன்று பிளாஸ்டிக் அட்டைகள்: வெள்ளை, சாம்பல், கறுப்பு. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை. வெள்ளையையும் கறுப்பையும் நான் தொடுவதே இல்லை. சாம்பல் அட்டைதான் சரக்கு.

அதற்கு முன்னால் பிரின்டருக்குப் போடும் வெள்ளைத் தாளைக் காட்டித்தான் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையும் சாம்பலும் வேறு சாயல் இல்லாமல் வரும்படி, வெளிச்சத்துக்கேற்பக் கேமராவைச் சரிசெய்வது) வைத்துக்கொண்டிருந்தேன். பலரும் சொல்லித்தரும் வழி அது. ஆனால் அந்தத் தாள் பளிச்சென்று தெரிவதற்காகவே அதில் ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். கேமரா அதைப் பார்த்து, வெளிச்சமே நீலம் என்று முடிவுகட்டி மஞ்சளைக் கூட்டிவிடும். ஜன்னலோரம் வைத்து இரண்டு முறையிலும் ஒரே ஓவியத்தை எடுத்துப் பார்த்தேன். வண்ணம் படாத தாள் விளிம்பில்தான் வித்தியாசம் முதலில் தெரிந்தது. தாளைக் காட்டி எடுத்ததில் விளிம்பு பழைய நோட்டுப் புத்தகம் மாதிரி மஞ்சளடித்திருந்தது. கார்டை வைத்து எடுத்ததில், கையில் இருக்கும் தாளின் அதே மெல்லிய தந்த நிறம்.

கார்டே சரியான சாம்பல்தானா என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. 18 சதவீத சாம்பல் என்று போட்டிருந்தால் அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான கணக்கு. நிறச்சாயல் இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பல அடுக்காகச் சுற்றி, கார்டுக்குப் பக்கத்தில் வைத்து வெயிலில் எடுத்தேன். அந்த டேப் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பக்கூடியது. அதை வைத்துச் சரிசெய்தபோது, கார்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் இடையே 255-க்கு 3 எண்கள்தான் வித்தியாசம். எனக்கு அது போதும்.

பயன்படுத்துவது சுலபம்தான், ஆனால் கவனம் வேண்டும். ஓவியம் இருக்கும் அதே இடத்தில், அதே சாய்வில் கார்டை வைக்க வேண்டும். கேனனில் முதலில் கார்டைப் படமெடுத்து, பிறகு மெனுவில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிக்கானில் PRE என்று காட்டும் அமைப்பை வைத்து நேரடியாகக் கார்டை அளந்துவிடலாம். வெறும் சாம்பல் பரப்பில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி குறைகள். மேட் என்று சொன்னாலும், ஜன்னலை நோக்கிச் சாய்ந்தால் கார்டு மினுங்குகிறது. ஒரு நாள் அந்த மினுமினுப்பில் வானத்தின் நீலத்தைத்தான் அளந்திருக்கிறேன். பன்னிரண்டு ஓவியங்களும் ஆரஞ்சு பூசியது போல வந்து, எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன். அளவும் சிறிது. வைட் லென்ஸ் போட்டால் கார்டு ஃபிரேமை நிரப்ப மிக அருகில் போக வேண்டியிருக்கிறது. நம் நிழல் மட்டுமல்ல, சட்டையின் நிறமும் அதில் விழுகிறது. சிவப்புச் சட்டை போட்டு எடுத்த நாளில் படங்கள் லேசாகப் பச்சை கலந்த நீலத்துக்குச் சாய்ந்திருந்தன. இப்போது படமெடுக்கும் நாளில் கறுப்புச் சட்டைதான்.

கார்டால் முடியாததும் உண்டு. ஒரு பக்கம் ஜன்னல், மறு பக்கம் மஞ்சள் பல்பு என்றால் எந்த எண்ணும் இரண்டுக்கும் பொருந்தாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: ஜன்னல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், பல்பு 3000-க்குக் கீழே. பல்பை அணைத்துவிடுவதுதான் வழி. தரம் குறைந்த எல்இடி விளக்கில் சாம்பல் சரியாகவே வரும், ஆனால் அடர் சிவப்பு செத்துப்போய்த் தெரியும். வெளிச்சத்திலேயே இல்லாத நிறத்தை எந்த அட்டையும் கொண்டுவராது. சூரியன் மறையும் நேரத்தில் இதைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அந்தப் பொன்னிறத்தைத்தான் அது முதலில் துடைத்துவிடும். நான் அப்போது கெல்வினை 6500-க்கு மேல் ஏற்றி வைத்துக்கொள்கிறேன். கேமராவில் எண் கூடக்கூடப் படம் மஞ்சளாகும்.

"ரா ஃபார்மட்டில் (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாமே, கார்டு எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாற்றலாம், ஆனால் எதை நோக்கி மாற்றுவது? அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் எந்தச் சாயலுக்கும் பழகிவிடும். முதல் படத்தில் கார்டை வைத்துவிட்டால், கணினியில் அதன்மேல் ஒரு கிளிக் செய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற எல்லாவற்றுக்கும் அந்த மதிப்பையே போட்டுவிடலாம். நானும் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

பட்டையின் கொக்கி மூன்றாம் மாதம் உடைந்தது, நூல் கட்டியிருக்கிறேன். அட்டையில் கீறல் ஏதும் விழவில்லை, சோப்புத் தண்ணீரில் கழுவினால் கைரேகை போய்விடுகிறது. ஓவியம், துணி, நகை என்று நிறம் மாறாமல் காட்ட வேண்டியவர்கள் தயங்காமல் வாங்கலாம், இதைவிட இரண்டு மடங்கு பெரிய அளவு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.