வயிறு உப்பினால் எதைக் குடிப்பது? ஈனோ, ஜெலுசில், சுக்கு, பூண்டுப்பால்

ஈனோவிலிருந்தே தொடங்கலாம். வயிறு கும்மென்று ஆனால் பெட்டிக்கடை வரை நடந்தால் போதும், தொங்குகிற சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். பொட்டலத்துக்குள் இருப்பது முக்கியமாக சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா. அதோடு சிட்ரிக் அமிலமும் கொஞ்சம் சோடியம் கார்பனேட்டும். தண்ணீர் பட்டதும் அமிலமும் காரமும் மோதி கார்பன் டை ஆக்சைடு பொங்குகிறது. அந்தக் கரைசல் இரைப்பை அமிலத்தைத் தணிக்கிறது. ஆகவே நெஞ்சு கரித்தால், புளித்த ஏப்பம் வந்தால், இது வேலை செய்யும். உப்புசத்துக்கு? ஏற்கெனவே வாயு நிறைந்த வயிற்றுக்குள் இன்னும் கொஞ்சம் வாயுவை அனுப்புகிறோம். பெரிய ஏப்பம் ஒன்று வருகிறது, அப்பாடா என்றிருக்கிறது. வெளியே போனதில் கணிசமான பங்கு நாம் அப்போதுதான் குடித்தது. கோலி சோடாவில் எலுமிச்சையும் உப்பும் கலந்து குடிப்பதும் இதே கதைதான்.

இன்னொன்று, 5 கிராம் பொட்டலம் ஒன்றில் சோடியம் மட்டும் 800 மில்லிகிராமுக்கு மேல் வரும். ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

ஜெலுசில், டைஜீன் வகைத் திரவங்கள் இதைவிட ஒரு படி மேல். அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் அமிலத்தைப் பார்த்துக்கொள்கின்றன. உப்புசத்துக்கு என்று தனியாக சிமெத்திகோன் இருக்கிறது. லேபிளில் ஆக்டிவேட்டட் டைமெத்திகோன் என்றும் போட்டிருப்பார்கள். வாயு நுரை நுரையாகச் சிக்கிக்கொண்டு நகராமல் இருக்கும்போது, இது சின்னக் குமிழிகளை உடைத்துப் பெரிதாக்கி வெளியேற வழிசெய்கிறது. ரத்தத்தில் கலப்பதில்லை, அப்படியே மலத்தோடு போய்விடும். அந்த வகையில் சாது. ஆனால் வாயு உண்டாவதை அது தடுப்பதில்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. எப்போதோ ஒருநாள் விருந்துக்குப் பிறகு குடிக்க நான் கடை மருந்துகளில் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பான்டபிரசோல் இந்தப் போட்டியிலேயே இல்லை. அது அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியது. 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கி, சாப்பிட்டு முடித்து வயிறு உப்பிய பிறகு விழுங்குபவர்கள் ஏராளம். உப்புசத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால், அமிலம் குறைந்த குடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகி, உப்புசம் கூடவும் வாய்ப்பு உண்டு.

இனி அடுப்படி. இங்கே நிறைய விஷயம் இருக்கிறது.

ஓமத்தின் காரமணத்துக்குக் காரணம் தைமால். குடல் தசையின் இறுக்கத்தை ஓமச் சாறு தளர்த்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களிடம் முறையாகச் செய்த ஆய்வுகள் குறைவு. வயிற்றை இழுத்துப் பிடித்து வலிக்கிற உப்புசத்துக்கு ஓமத் தண்ணீர் கேட்கிறது என்று வீட்டுக்கு வீடு சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். சீரகத் தண்ணீர் அதன் மென்மையான தம்பி. கெடுதல் இல்லை, பலனும் மிதம். வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடித்ததன் சுகம் அதில் பாதி என்பது என் சந்தேகம்.

சுக்குக்கு மட்டும் கொஞ்சம் வலுவான சாட்சி இருக்கிறது. இஞ்சித் தூள் சாப்பிட்டவர்களுக்கு இரைப்பை சீக்கிரம் காலியாவதை ஆய்வுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து, சாப்பாடு மேலேயே நிற்பது போல் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: நாள்பட்ட அசீரணம் உள்ள ஒரு சிறு குழுவுக்கு 1.2 கிராம் கொடுத்துப் பார்த்தபோது இரைப்பை வேகமாகக் காலியானது, அவர்கள் உணர்ந்த தொந்தரவு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமை மருந்து எடுப்பவர்கள் சுக்கை மருந்தளவில் தினமும் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ரசத்தில் போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

பெருங்காயம் கலந்த மோர் எனக்குப் பிடித்தது, ருசிக்காகவே. ஒரு எச்சரிக்கை உண்டு. டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத வயிறு என்றால் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அப்புறம் பூண்டுப்பால். 'வாயுவுக்கு நல்லது' என்று ராத்திரியில் பாலில் பூண்டை வேகவைத்துக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் நான் எதிர்க்கிறேன். பூண்டில் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் இருக்கிறது. மனிதக் குடலால் அதைச் செரிக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கேயுள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகிறது. பாலில் லாக்டோஸ். தென்னிந்தியர்களில் பெரும்பாலானோருக்கு வளர்ந்த பிறகு அதைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, காலையில் வயிறு ஏன் இரைகிறது என்று யோசிக்கிறோம். எல்லாருக்கும் இப்படி ஆகாதுதான். ஆனால் உப்புசமே தொல்லையாக இருப்பவருக்கு இது தலைகீழ் வைத்தியம். பூண்டு வாசனை வேண்டுமென்றால் எண்ணெயில் வதக்கிப் பல்லை எடுத்துவிடலாம். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஒரு டம்ளர் காபியில் சேரும் பால் அநேகமாக யாரையும் ஒன்றும் செய்யாது, தயிரும் மோரும் அதைவிடப் பத்திரம்.

இங்கேதான் எந்த வைத்தியம் யாருக்கு என்பது பிரிகிறது. சாப்பிட்ட அரை மணிக்குள் மேல்வயிறு உப்பினால் பெரும்பாலும் இரைப்பைச் சங்கதி: அவசரமாக விழுங்கியது, கூடவே விழுங்கிய காற்று, எண்ணெய் மிகுந்த கனமான சாப்பாடு. சுக்கு, ஓமம், சிமெத்திகோன் எல்லாம் இந்த இடத்தில் உதவலாம். மத்தியானம் சாப்பிட்டது சாயங்காலம் அடிவயிற்றில் இரைந்தால் அது பெருங்குடல் வேலை. அப்போது குடிக்கிற எதுவும் தாமதமான வைத்தியம்தான், முந்தின வேளைத் தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவர்கள் மொச்சை, கொண்டைக்கடலை, காராமணி. இவற்றிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம்மிடம் கிடையாது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஒரு பங்கு குறைகிறது. முளைகட்டினால் இன்னும் குறையும். 'சத்து போய்விடும்' என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பவர்களுக்கு உப்புசமும் சேர்ந்தே கிடைக்கும். பாசிப்பருப்பு இவற்றைவிட லேசு. புளித்த மாவில் செய்த இட்லியில் உளுந்தின் இந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே முன்கூட்டித் தின்றுவிடுகின்றன. வாழைக்காய் வாயு என்று பெரியவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. காயில் செரிக்காத மாவுச்சத்து அதிகம்.

இத்தனைக்கும் நடுவில் காசில்லாத போட்டியாளர் ஒருவர் உண்டு: சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது. படுத்திருப்பதைவிட நிமிர்ந்திருக்கும்போது குடலில் வாயு சீக்கிரம் நகர்கிறது, நடந்தால் இன்னும் நல்லது. சுக்கா நடையா என்று ஒன்றைத்தான் எடுக்கச் சொன்னால் நான் நடையை எடுப்பேன்.

மலச்சிக்கலோடு வரும் உப்புசம் தனிக்கணக்கு. வழி அடைத்திருக்கும்போது ஓமம் என்ன செய்யும்? இசப்கோல் உதவும், ஆனால் கொஞ்சமாக ஆரம்பித்து, நிறையத் தண்ணீரோடு. முதல் நாளே இரண்டு ஸ்பூன் போட்டால் வயிறு இன்னும் உப்பும்.

நெஞ்சு அடைப்பதை, இடது கையோ தாடையோ வலிப்பதை, வியர்த்துக் கொட்டுவதை 'கேஸ்தான்' என்று ஈனோ கலக்கிக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். மாரடைப்பில் ஏப்பம்கூட வரலாம், அதை நம்ப வேண்டாம். எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி இவற்றில் ஒன்று உப்புசத்தோடு சேர்ந்தாலும் அடுப்படியை விட்டு மருத்துவரிடம் போக வேண்டும். 50 வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக உப்புசம் வந்து வாரக்கணக்கில் போகாமல் இருந்தால், சூலகத்தையும் பார்க்கச் சொல்லி ஸ்கேன் எடுப்பது அவசியம். சூலகப் புற்றுநோய் பல நேரம் இப்படித்தான் தலைகாட்டும்.