பச்சையா, பாலா, கேப்ஸ்யூலா? வீக்கத்துக்குப் பூண்டு சாப்பிடும் மூன்று வழிகள்

முழங்கால் வீங்கி, ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி, அதாவது உள்வீக்கம், இருப்பதைக் காட்டும் புரதம்) கூடுதலாக வந்ததும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் பூண்டு எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையை விடாமல் பூண்டையும் சேர்த்துக்கொண்டேன். எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் மூன்று கட்சி: காலையில் பச்சைப் பல், ராத்திரி பூண்டுப் பால், மருந்துக்கடை கேப்ஸ்யூல். நான் இப்போது பால் கட்சி. ஆனால் வழக்கமாக வைக்கிற மாதிரி வைப்பதில்லை.

பச்சைப் பூண்டின் காரமும் வாடையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீரியத்தில் அதை அடிக்க ஆளில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உண்டு. அதோடு, "ஏங்க, கொஞ்சம் தள்ளி நின்னே பேசுங்க" என்று வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். சிலர் காரத்துக்குப் பயந்து முழுப் பல்லை மாத்திரை மாதிரி தண்ணீர் விட்டு முழுங்குகிறார்கள். அதில் பெரிய பலன் இல்லை. ஏன் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

உரித்த முழுப் பல்லுக்கு அவ்வளவாக வாடை கிடையாது. அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் உள்ளே தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கினாலோ மென்றாலோதான் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. மூக்கைத் துளைப்பது அதுதான், 1944-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அழற்சியைத் தணிப்பதாக ஆய்வுக்கூடங்களில் பார்த்த கந்தகப் பொருள்களில் பலவும் இதிலிருந்து பிறப்பவை. அல்லினேஸ் சூட்டில் செத்துவிடும், வயிற்று அமிலத்திலும் படுத்துவிடும். ஆகவே முழுப் பல்லைக் கொதிக்கிற பாலில் போட்டால் வெண்ணெய் மாதிரி வெந்து இனிக்கும், சாப்பிட நன்றாகவே இருக்கும். அல்லிசின் மட்டும் பேருக்குத்தான் இருக்கும். மதுரையில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் வைக்கிறார்கள்.

நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் சேர்த்தால் கதை வேறு. நொதி தன் வேலையை முடித்திருக்கும். அப்புறம் சூடு பட்டால் அல்லிசின் உடைந்து வேறு கந்தகப் பொருள்களாக மாறும். கொஞ்சம் போகும், எல்லாமே போகாது. அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஓர் எலி ஆய்வில், நேராகச் சூடாக்கிய பூண்டு பலனை இழந்தது. நசுக்கிப் பத்து நிமிடம் வைத்த பிறகு சூடாக்கியது ஓரளவு தக்கவைத்தது. அது புற்றுநோய் தொடர்பான ஆய்வு, மூட்டு வலியைப் பற்றியதல்ல. ஆனாலும் நொதிக் கணக்கு ஒன்றுதானே.

நான் செய்வது இதுதான். நாலைந்து பல்லை இடிகல்லில் தட்டித் தட்டில் பரப்பி வைத்துவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றுவேன். தண்ணீர் கலந்த பால், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், தட்டிய மிளகு. கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பூண்டைப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுவேன். பனங்கற்கண்டு இறக்கிய பிறகுதான். கருப்பட்டி என்றால் இன்னும் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும். முழுப் பல் வேகவைத்த பாலை விட இது காரம் கூடத்தான்; பச்சையாக மெல்வதற்கு எவ்வளவோ தேவலை.

பாலுக்கு மலைப்பூண்டுதான் வாங்குகிறேன். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைவது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கீழமாசி வீதிக் கடைகளில் மற்றப் பூண்டை விட விலை அதிகம்தான், காரசாரமும் அதிகம். குழம்புக்கும் சால்னாவுக்கும் சாதாரணப் பூண்டே போதும்.

கேப்ஸ்யூலை நான் சாப்பிட்டதில்லை. மச்சான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இருந்தாலும் அதன் பக்கம் ஒரு பெரிய நியாயம் உண்டு. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது பூண்டுப் பொடி மாத்திரையும் பதப்படுத்திய பூண்டுச் சாறும்தான். அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் சி.ஆர்.பி. ஓரளவு குறைந்திருக்கிறது. பூண்டுப் பாலுக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. வாங்குகிறவர்கள் லேபிளைப் படியுங்கள்: பொடி, எண்ணெய், பதப்படுத்திய சாறு மூன்றும் உள்ளடக்கத்தில் வேறு வேறு. பொடி என்றால் குடலில் போய்க் கரையும் பூச்சு உள்ளதா என்று பாருங்கள். வயிற்று அமிலத்திடமிருந்து நொதியைக் காப்பதற்குத்தான் அந்தப் பூச்சு.

வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எந்தக் கட்சியில் சேருவதற்கு முன்பும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பூண்டும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. அறுவை சிகிச்சை இருந்தால் ஒன்றிரண்டு வாரம் முன்பே பச்சைப் பூண்டையும் கேப்ஸ்யூலையும் நிறுத்தச் சொல்வார்கள்.

என் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. மாத்திரையும் ஓடியது, மாடி ஏறுவதையும் குறைத்தேன். இதில் பூண்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ரசத்தில் இதையே செய்யலாம். தாளிப்பில் பூண்டைப் போடாமல், தட்டிப் பத்து நிமிடம் வைத்து, ரசம் நுரை கட்டி இறக்கும்போது போட்டு மூடிவிடுங்கள்.