மின்னும் பவுனா, மேனி கெடாத பவுனா?

நாகர்கோவில் வடசேரியில் எனக்கு அண்ணன் முறை வரும் ஒருவர் பழைய தங்க நாணயங்கள் சேர்க்கிறார். போன வாரம் அவர் வீட்டு மேஜையில் இரண்டு பவுன்காசுகள் இருந்தன. இரண்டுமே 1937-ல், ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டலை ஒட்டி லண்டனில் அடித்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்பது விற்பவருடன் பேச்சு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் காசு நேற்று வாங்கியது போல மஞ்சளாக மின்னியது. இரண்டாவது லேசாகச் சிவந்து, சற்று மங்கி, ராஜாவின் கழுத்துக்குப் பக்கத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு செம்புப் புள்ளியோடு இருந்தது.

“இதுல என்ன யோசனை, மின்னுறதை எடுங்க” என்றார் மைனி. நான் இரண்டாவதைச் சொன்னேன்.

1937-ம் ஆண்டு சவரன், அதாவது இந்தப் பவுன்காசு, புழக்கத்துக்காக அடிக்கப்படவில்லை. ஐந்து பவுண்டு, இரண்டு பவுண்டு, ஒரு பவுன், அரைப் பவுன் என நான்கும் சேர்ந்த பெட்டியாக, ப்ரூஃப் முறையில் மட்டும் வந்தது. வழக்கமான சவரனின் ஓரத்தில் இருக்கும் வரிகளும் இதில் கிடையாது, ஓரம் வழுவழுப்பாக இருக்கும். ப்ரூஃப் என்றால் உயர்ந்த தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்முறையின் பெயர். அச்சையும், அடிப்பதற்கு முன் வெறுமையாக இருக்கும் உலோக வில்லையையும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பார்கள். அதனால்தான் உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தளம் கண்ணாடியாகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் கருப்புத் தரையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்படிப்பட்ட பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒளிய இடமே இல்லை. சந்தையில் புழங்கிய சாதாரண சவரனில் கண்ணுக்கே படாத தேய்ப்பு, ப்ரூஃபில் முகத்தில் அறைவது போலத் தெரியும்.

சரி, எப்படிப் பார்ப்பது? டியூப்லைட் வெளிச்சம் உதவாது, அது பரவி எல்லாவற்றையும் மறைத்துவிடும். மேஜை விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, காசை ஓரத்தில் பிடித்து மெதுவாகச் சாய்க்கவேண்டும். முதல் காசைச் சாய்த்ததும் தளம் முழுக்க மயிரிழை போன்ற கோடுகள் எழுந்தன, எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில். யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். அச்சை மெருகேற்றும்போது விழுந்த கோடாகவும் இருக்கலாமே? பிரித்துப் பார்க்க வழி உண்டு. அச்சில் கீறல் பள்ளமாக இருந்தால் காசில் அது மேடாகத்தான் வரும். காசில் வெற்றுத் தளமாக வருவது அச்சின் மேல்பரப்பு, உருவம் வருவது அதன் குழி. மெருகுக் கல் குழிக்குள் இறங்காது. ஆகவே அச்சுக் கோடு ராஜாவின் முகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். துணி விட்ட கோடு பள்ளமானது, தளத்தைத் தாண்டி கன்னம், தலைமுடி, எழுத்து என எல்லாவற்றின் மேலும் ஏறிப்போகும். லென்ஸில் பார்த்தபோது முதல் காசின் கோடுகள் கன்னத்தின் மேல் ஏறியிருந்தன.

அந்தப் பளிச்சென்ற மஞ்சளும் எனக்கு உறுத்தியது. சவரன் 22 காரட், பன்னிரண்டில் ஒரு பங்கு தங்கமல்லாத உலோகம், அதில் முக்கியமானது செம்பு. அமிலத்தில் முக்கினால் மேல்பரப்பின் செம்பு கரைந்து தங்கம் மட்டும் முன்னால் வரும், நிறம் கூடும். நம் ஊரில் இது தப்பான பழக்கம் என்று யாரும் நினைப்பதில்லை. வடசேரி கோயில் நகைகளுக்கு மெருகுதான் உயிர், கையில் வரும் எதையும் பளபளப்பாக்கிக் கொடுப்பது ஆசாரிக்குப் பெருமை. நகைக்குச் சரி. ப்ரூஃப் காசுக்கு, அச்சு கொடுத்த கண்ணாடியை உரித்துவிட்டு வேறொரு பளபளப்பைப் பூசுவதற்குச் சமம். போன கண்ணாடி திரும்பாது. காசுமாலையில் இருந்த காசு என்றால் உச்சி ஓரத்தையும் பார்க்கவேண்டும், வளையம் பற்றவைத்து எடுத்த தடம் அங்கே இருக்கும்.

இரண்டாவது காசு குறையற்றது என்று சொல்லமாட்டேன். தளத்தில் சின்னதாக இரண்டு இடிபட்ட தடம், மறுபக்கத்தில் உள்ள குதிரைக்குப் பின்னால் மெல்லிய மங்கல். ஆனால் அந்தச் சிவப்பு பல பத்தாண்டுகளில் செம்பு தானாக நிறம் மாறியது, புள்ளி வில்லையில் சரியாகக் கலக்காத செம்பு. சாய்த்தபோது மங்கலுக்கு அடியில் கண்ணாடி உடையாமல் அப்படியே கருத்து நின்றது, ராஜாவின் தலை அதன் மேல் வெண்பனி படிந்தது போல மிதந்தது. அந்தக் கருப்பும் வெளுப்பும் மாறி மாறி வருவதைப் பார்க்கத்தான் நான் ப்ரூஃப் தேடுகிறேன். தரச்சான்று நிறுவனங்களின் 70 புள்ளி அளவில் இதற்கு 63 கிடைக்கும் என்பது என் கணிப்பு. முதலாவதற்கு எண்ணே கிடைக்காது, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடுதான் வரும்.

பளபளப்பு இருந்தால்தான் ப்ரூஃப் என்பதும் இல்லை. அமெரிக்காவில் 1908-ல் மணல் வீசி மங்கலாக்கிய தங்க ப்ரூஃப்களை வெளியிட்டார்கள். அவற்றில் விரல் உரசிய இடம் மட்டும் மினுங்கும், அந்த மினுக்கமே அங்கே குறை. நம் பக்கம் 1835-ம் ஆண்டு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் இரட்டை மொஹர் என்ற தங்கக் காசில் இன்னொரு சிக்கல். பின்னாளில் மறுபடி அடித்துக் கொடுத்த ப்ரூஃப்கள், அந்தக் காலத்திலேயே அடித்ததைவிடப் பிரமாதமாக மின்னும். நான் எடுப்பது அந்தக் காலத்திலேயே அடித்ததைத்தான்.

அண்ணன் இரண்டாவதையே வைத்துக்கொண்டார். அப்புறம்தான் கவனித்தேன், அது மெத்தென்ற பழைய பிவிசி உறையில் இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் நாளாக ஆகப் பச்சைப் பிசினை விடும், நம் கடற்கரைப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். நல்லவேளை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சுத்தமான அசிட்டோனில் தேய்க்காமல் முக்கி எடுத்தால் பிசின் போய்விடும், தங்கத்தை அது தொடாது. அப்படிச் செய்து, கெட்டியான அக்ரிலிக் டப்பாவில் போட்டு மூடினோம். மைனி விளக்கைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார்.