இரண்டாம் ஆண்டில் ஆர்.ஓ.டி.சி: எந்த வழியில் எப்போது கையெழுத்து?

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் பல பிள்ளைகளுக்கு ராணுவ அதிகாரி ஆகலாமா என்ற எண்ணமே முதல் வருடம் முடிந்த பிறகுதான் வருகிறது. கல்லூரிப் படிப்போடு சேர்த்தே அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி.யில் சேர நேரம் கடந்துவிட்டது என்று அவர்களே முடிவு செய்து விட்டுவிடுவதும் உண்டு. அப்படியில்லை. 1916-ல் சட்டப்படி தொடங்கிய இந்தத் திட்டத்தில் இரண்டாம் ஆண்டு மாணவருக்கும் இடம் இருக்கிறது. ஆனால் தரைப்படை, விமானப்படை, கடற்படை மூன்றும் அவரை நடத்தும் விதம் வேறு. எந்தச் சீருடை என்று யோசிப்பதற்கு முன், பணி ஒப்பந்தத்தில் கையெழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது, அதற்கு முன்னால் எவ்வளவு பார்த்துக்கொள்ள முடிகிறது என்று கேட்க வேண்டும். இந்த அலசல் முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

அதற்கும் முன்னால் இரண்டு விஷயம். ஒப்பந்தம் போட அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் ஆரம்ப வகுப்புகளில் உட்காரலாம், அதிகாரி ஆக முடியாது. சென்னையில் பிறந்து எச்-4 விசாவில் வந்த அக்காவும் டாலஸில் பிறந்த தம்பியும் ஒரே வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கே தம்பிக்கு மட்டும்தான் இந்த வழி. இரண்டாவது, மருத்துவப் பரிசோதனை. 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவாகியிருந்தால் தகுதியின்மையாகவே எடுத்துக்கொள்வார்கள். விலக்கு கேட்கலாம், ஆனால் அது மாதக்கணக்கில் இழுக்கும். இன்ஹேலர் வரலாறு உள்ளவர் இதை முதல் வாரமே பேசிவிடுவது நல்லது.

தரைப்படையில் இரண்டு வழி. ஒன்று, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே சேர்ந்து, முதல் ஆண்டுப் பாடத்தையும் இரண்டாம் ஆண்டுப் பாடத்தையும் ஒரே வருடத்தில் முடிப்பது. இன்னொன்று, இந்த வருடம் எதிலும் சேராமல் இருந்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கு முந்தைய கோடையில் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் நடக்கும் பேசிக் கேம்ப்புக்குப் போவது. சுமார் ஒரு மாதம். அது முதல் இரண்டு வருடப் பயிற்சிக்கு ஈடு.

இரண்டிலும், ஸ்காலர்ஷிப் வாங்காதவரை எந்தக் கட்டாயமும் கிடையாது. மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்குள் நுழையும்போதுதான் ஒப்பந்தம். அப்படியானால் ஒரு மாதத்தில் முடிகிற கேம்ப்தானே சுலபம் என்று தோன்றும். என் கருத்து வேறு. கேம்ப்பில் ராணுவம் மட்டும்தான் இருக்கும், படிப்பு இருக்காது. வாரத்தில் சில நாள் விடியற்காலை உடற்பயிற்சிக்கு ஓடிவிட்டு, ஒன்பது மணிக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் தூங்காமல் உட்கார முடியுமா என்பது கல்லூரியில்தான் தெரியும். அடுத்த இரண்டு வருடமும் அந்த வாழ்க்கைதான்.

வாரம் ஒருமுறை நடக்கும் லேப் என்ற களப்பயிற்சி வகுப்பில் புதியவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒரு சின்ன வேலை. அளந்து வைத்த 100 மீட்டரை நடந்து, இடது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ண வேண்டும். ஒருவருக்கு 62 வரும், குட்டையானவருக்கு 70. மேட்டில் ஏறும்போது எண்ணிக்கை கூடும், இருட்டிலும் கூடும். அந்த எண்ணையும் ஒரு காம்பஸையும் வரைபடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நட்டு வைத்த கம்பங்களைக் கண்டுபிடித்து வர வேண்டும். ஃபோன் கிடையாது. இதில் ஒரு பிள்ளைக்கு ஆர்வம் பிறக்கிறதா, எரிச்சல் வருகிறதா என்பது மூன்று நான்கு லேப்பிலேயே தெரிந்துவிடும். கையெழுத்துக்கு முன் இதைத் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் ஒரு வருடத்துக்காகவே நான் முதல் வழியைச் சொல்வேன். மார்ச், ஏப்ரலில்தான் யோசனையே வந்தது என்றால், அப்புறம் கேம்ப்தான் சரியான வழி.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் மூன்று வருட ஸ்காலர்ஷிப்புக்குக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம், புத்தகத்துக்கு வருடம் 1,200 டாலர், கைச்செலவுக்கு மாதம் 420 டாலர். ஆனால் பள்ளி முடித்தவுடன் நான்கு வருட ஸ்காலர்ஷிப் வாங்கியவருக்கு முதல் வருடம் சலுகைக் காலம், பிடிக்காவிட்டால் கடன் இல்லாமல் விலகலாம். இரண்டாம் ஆண்டில் வாங்குபவருக்கு அது கிடையாது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே கட்டுப்பாடு. நடுவில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், சாதாரணச் சிப்பாயாகப் பணிக்கும் அழைக்கலாம்.

மொத்தக் கடமை எல்லோருக்கும் 8 வருடம். அதில் பகுதிநேர ரிசர்வ் படைக்கு அல்லாமல் முழுநேரப் பணிக்குப் போனால் ஸ்காலர்ஷிப் வாங்கியவருக்கு 4 வருடம், வாங்காதவருக்கு 3. பலர் கவனிக்காத இன்னொன்று: ஸ்காலர்ஷிப்புக்கு ஈடாகச் செய்யும் அந்தக் கட்டாயப் பணிக்காலம், படையில் பணியாற்றியவர்களின் மேற்படிப்புக்கு அரசு பணம் தரும் 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் கல்விச் சலுகைக்குக் கணக்கில் சேராது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்த அதிகாரிக்கு முதல் நாளிலிருந்தே கணக்கு ஓடும், 36 மாதம் முழுநேரப் பணி செய்தால் முழுச் சலுகை. பின்னால் எம்.பி.ஏ., சட்டம் என்று திட்டம் வைத்திருப்பவருக்கு இது பெரிய தொகை. சொந்த மாநிலக் கட்டணத்தை வீட்டில் சமாளிக்க முடிகிறதென்றால், முதல் செமஸ்டரை ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். படிக்கவே கடன்தான் வழி என்ற நிலையில் ஸ்காலர்ஷிப் வாங்குவது தப்பேயில்லை. ஆனால் மனசு உறுதியான பிறகு வாங்குங்கள்.

விமானப்படையில் இந்த நிதானத்துக்கு இடமில்லை. அங்கேயும் இரண்டு வருடப் பாடத்தைச் சேர்த்துப் படிக்கலாம், ஸ்காலர்ஷிப் இல்லாதவருக்கு அந்த வருடம் கட்டாயமும் இல்லை. ஆனால் மூன்றாம் ஆண்டுக்குப் போக அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில் நடக்கும் ஃபீல்ட் டிரெய்னிங் என்ற கோடைப் பயிற்சிக்குத் தேர்வாக வேண்டும். கமாண்டர் தரும் தரவரிசை, ஜி.பி.ஏ., உடற்தகுதி மதிப்பெண் எல்லாம் பார்த்து வசந்த காலத்தில் தேர்வு நடக்கும். மற்றவர்களைக் கமாண்டர் ஒன்றரை வருடமாகப் பார்த்திருப்பார், உங்களைச் சில மாதமாகத்தான். அதனால் விமானப்படைதான் ஆசை என்றால் ஆகஸ்டில் சேருவதற்கு முன்பே ஓட்டமும் புஷ்-அப்பும் தயாராக இருக்க வேண்டும், ஏ.எஃப்.ஓ.க்யூ.டி. என்ற விமானப்படை அதிகாரித் தகுதித் தேர்வுக்கும் படிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். விமானி ஆக விரும்புகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது: விமானிப் பயிற்சி முடிந்த பிறகு 10 வருடம் கட்டாயப் பணி.

கடற்படைக்கு டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது கல்லூரி மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். கடற்படை அதிகாரி ஆவதற்கான நேவி ஆப்ஷன் ஸ்காலர்ஷிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கால்குலஸும், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியலும் முடிக்க வேண்டும், பணிக்காலம் 5 வருடம். என்ஜினீயரிங் மாணவருக்கு இது ஒன்றுமில்லை. பொலிட்டிகல் சயன்ஸ் படிப்பவர் முதல் வருடம் கணக்குப் பக்கமே போகாமல் இருந்தால் ரொம்பக் கஷ்டம்.

வருடம் முழுக்கச் சீருடை வேண்டாம் என்பவருக்கு மரைன்ஸ் படையின் பி.எல்.சி. என்ற கோடை அதிகாரிப் பயிற்சி உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவர் இரண்டு கோடைகளில் வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் ஆறு ஆறு வாரம் பயிற்சி எடுக்கிறார், செமஸ்டரில் எதுவும் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு ஓ.சி.எஸ். என்ற அதிகாரிப் பயிற்சிப் பள்ளி வழியும் இருக்கிறது. தரைப்படையின் ஓ.சி.எஸ். ஃபோர்ட் பென்னிங்கில் 12 வாரம். ஆனால் படிக்கும்போது பணம் வராது, எத்தனை இடம் என்பதும் அந்தந்த வருடத் தேவையைப் பொறுத்தது.

இன்னொன்று, உங்கள் கல்லூரியிலேயே ஆர்.ஓ.டி.சி. பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர் தரைப்படைக்கு சாண்டா கிளாரா, விமானப்படைக்கு சான் ஹோசே ஸ்டேட், கடற்படைக்கு பெர்க்லி போக வேண்டும். மூன்றுமே போய்வரக்கூடிய தூரம்தான், ஆனால் விடியற்காலைப் பயிற்சிக்குப் பெர்க்லி போய்த் திரும்புவது சாண்டா கிளாரா போய்வருவது மாதிரி இல்லை.

எந்தப் படையென்று முடிவாகாத இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு நான் சொல்வது, தரைப்படையில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் இந்த வருடமே சேருவது. போய்ப் பேசும்போது ஆள் சேர்க்கும் அதிகாரியிடம் இரண்டு வருடப் பாடத்தைச் சேர்த்து எடுக்க அனுமதிப்பீர்களா என்றும், என் பெயரில் ஒப்பந்தம் எந்தத் தேதியில் என்றும் கேளுங்கள். அப்புறம் வெளியே வந்து நான்காம் ஆண்டு கேடட்களிடம், அதாவது பயிற்சி மாணவர்களிடம், தனியாகப் பேசுங்கள். முழுநேரப் பணி கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.