இருக்கைக்கு அடியில் ஒரு சின்னப் பை: ஐந்தாண்டு சைக்கிள் அனுபவம்

ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் போய்த் திரும்புகிறேன். போக வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஐந்து ஆண்டுகளில் வழியில் நின்றது 11 முறை. அவற்றில் 9 பஞ்சர்.

முதல் ஆண்டில் என் பை ஒரு நடமாடும் பட்டறை. இரண்டு ஸ்பேனர், திருப்புளி, ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) முழு செட். இன்று 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீயும் செயின் கழற்றியும் சேர்ந்த ஒற்றைக் கருவி மட்டும். செயின் அறுந்தது ஒரே முறைதான். அன்று கையிலிருந்த இணைப்புக் கண்ணி 9 வேகச் செயினுக்கானது (பின்சக்கரத்தில் 9 பல்சக்கரம்), என்னுடையதோ 11. ஆட்டோவில் வீடு வந்தேன்.

பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம், வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித் துணுக்கு. கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்தால் நூல் மாட்டும் இடத்தில் இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். புருவம் திருத்தும் இடுக்கி ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

காற்றடிக்க 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி வாங்கினேன். நொடிகளில் டயர் கல்லாகிவிடும். ஆனால் குப்பியை வால்வோடு இணைக்கும் தலையைச் சரியாகத் திருகாவிட்டால் அத்தனையும் காற்றோடு போகும், மறுவாய்ப்புக் கிடையாது. அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசிவதால் மறுநாள் டயர் தளர்ந்திருக்கும். கைப்பம்புக்குத் திரும்பினேன். 28 மில்லிமீட்டர் டயருக்கு இருநூறு முறைக்கு மேல் அடிக்க வேண்டும், தோள் வலிக்கும், ஆனாலும் ஏமாற்றாது. கூடவே பித்தளை அடாப்டர் ஒன்று. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் என் டியூப்பில் உள்ள ஒல்லியான பிரஸ்டா வகை வால்வுக்குப் பொருந்தாது. சுண்டுவிரல் நகமளவு உள்ள இது இருந்தால் பொருந்தும்.

மூன்றாம் ஆண்டில் கோவளத்துக்கு அருகே மாற்று டியூப்பை வெளியே எடுத்தேன். பிரிக்காத புதுச் சரக்கு, ஆனால் காற்று நிற்கவில்லை. இரண்டு வருடமாக ஆலன் கீ பைக்குள் உரசி உரசி அதை ஓட்டையாக்கியிருந்தது. ஒட்டலாம் என்றால் சொல்யூஷன் காய்ந்து பொருக்காகியிருந்தது. பஞ்சர் கடைக்காரர் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, "புதுசா சார் இது?" என்று கேட்டார். இப்போது டியூப் பழைய காலுறைக்குள் பயணிக்கிறது. ஒருமுறை திறந்த சொல்யூஷனை நம்புவதே இல்லை.

மழைக்காலத்தில் மட்டும் இரண்டாவது டியூப்பும் ஏறிக்கொள்ளும். ஈரச் சாலையில் கண்ணாடித் தூள் டயரில் ஒட்டிக்கொள்கிறது, நனைந்த டியூப்பில் ஒட்டுப் போட்டாலும் பிடிப்பதில்லை.